தோட்டத்து மோட்டாருக்கு எந்த இணைப்பு: சிம், லோரா, என்பி-ஐஓடி, வைஃபை

தமிழ்நாட்டில் இலவச மின்சாரத்தில் ஓடும் விவசாய பம்ப்செட்டுகள் இருபது லட்சத்துக்கும் மேல். பல ஊர்களில் மும்முனை மின்சாரம் எப்போது வரும், எப்போது ஒரு ஃபேஸ் போகும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கரண்ட் வந்ததா என்று பார்க்க ராத்திரியில் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்தவர்களில் பாம்பு கடித்து இறந்தவர்கள் உண்டு. அதனால்தான் கருவிகளை நெட்வொர்க்கில் இணைக்கும் ஐஓடி என்ற பெயர் ஊருக்குள் வருவதற்கு முன்பே ‘மொபைல் ஸ்டார்ட்டர்’ வந்துவிட்டது. ஸ்டார்ட்டரோடு ஒரு சிம் பெட்டியை இணைத்து, அந்த எண்ணுக்குப் போன் செய்தால் மோட்டார் ஓடும். அதை வாங்க வேளாண்மைப் பொறியியல் துறை மானியமும் தருகிறது.

இன்று கடைக்குப் போனால் சிம் பெட்டி மட்டும் இல்லை. மாத ரீசார்ஜ் இல்லாத நெடுந்தூர ரேடியோவான லோரா, செல்போன் டவரில் கருவிகளுக்கென்று ஓடும் என்பி-ஐஓடி, வைஃபை என்று வரிசையாகச் சொல்கிறார்கள். ஒவ்வொருவரும் தன்னுடையதே எல்லா வேலைக்கும் போதும் என்கிறார்கள். அது சரியில்லை. மோட்டாரை ஆன், ஆஃப் செய்வது ஒரு வேலை. தோட்டம் முழுக்க ஈரத்தையும் தொட்டி மட்டத்தையும் அளப்பது வேறு வேலை. முதல் வேலைக்கு சிம், இரண்டாவதற்கு லோரா என்பது என் முடிவு. வேகம், தூரம், விலை எல்லாவற்றுக்கும் முன்னால் நான் கேட்பது ஒரே கேள்விதான்: இணைப்பு அறுந்தால் அந்தப் பெட்டி என்ன செய்யும்?

சிம் பெட்டி

இதன் பெரிய பலம், விவசாயி புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. பட்டன் போனே போதும். எண்ணை அழைத்தால் மோட்டார் ஓடுகிறதா, மூன்று ஃபேஸும் இருக்கின்றனவா என்று தமிழிலேயே குரல் சொல்லும் பெட்டிகள் இருக்கின்றன. டேட்டா சிக்னல் திணறும் இடத்திலும் குரல் அழைப்பு போய்ச் சேர்ந்துவிடும். எழுபது வயதுப் பெரியவர் திருப்பூரில் மகன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு உடுமலைத் தோட்டத்து மோட்டாரை நிறுத்துகிறார். வேறு எந்த ஐஓடி கருவியும் அவரிடம் இவ்வளவு எளிதாகப் போய்ச் சேரவில்லை.

ஆனால் சிம் பெட்டியின் ஆயுள் நெட்வொர்க்கின் ஆயுள்தான். விலை குறைந்த பெட்டிகளில் இருப்பது 2ஜி மோடம் (டவரோடு பேசும் பாகம்). 2016ல் சேவையைத் தொடங்கிய ஜியோவுக்கு 2ஜியே கிடையாது. அந்த சிம்மை இதில் போட்டால் வேலை செய்யாது. ஆஸ்திரேலியாவில் டெல்ஸ்ட்ரா 2016 கடைசியிலேயே 2ஜியை மூடிவிட்டது. அமெரிக்காவில் ஏடி&டி 2017 தொடக்கத்தில் மூடியது. இங்கே 2ஜி இன்னும் ஓடுகிறது. ஆனாலும் பத்து வருடம் உழைக்க வேண்டிய பெட்டியை இன்று 2ஜியில் வாங்காதீர்கள். ‘4ஜி’ என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருந்தால் மட்டும் போதாது. 4ஜி வழியாகவே குரல் அழைப்பு எடுக்குமா, அதாவது வோல்ட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாத பெட்டி, அழைப்பு வரும்போது 2ஜிக்குத்தான் இறங்கும்.

அடுத்தது ரீசார்ஜ். முன்பு ஒரு சிம்மைப் போட்டுவிட்டு மறந்துவிடலாம். 2018 கடைசியில் குறைந்தபட்ச ரீசார்ஜ் வந்த பிறகு, காசு போடாவிட்டால் உள்ளே வரும் அழைப்பும் நின்றுவிடுகிறது. மோட்டார் ஓடவில்லை என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டு, கடைசியில் வேலிடிட்டி முடிந்திருந்தது தெரியவருவது வாடிக்கை. கருவிகளுக்கென்றே 13 இலக்க எண்ணோடு எம்2எம் சிம் 2018லிருந்து இருக்கிறது. அது பெரும்பாலும் நிறுவனங்களுக்கு மொத்தமாகப் போவதால் தனி விவசாயி கைக்கு வருவது அபூர்வம். 2025 தொடக்கத்தில் வந்த, டேட்டா இல்லாமல் குரலுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான பேக்குகள் இந்தப் பெட்டிக்குப் பொருந்தும். விலையை விட வேலிடிட்டி நாளைப் பார்த்துப் போடுங்கள்.

மின் பக்கத்திலும் ஒரு சிக்கல் உண்டு. 2ஜி மோடம் டவருக்குப் பேசும் அந்தக் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். பெட்டிக்குள் இருக்கும் பவர் சப்ளை மலிவானதாக இருந்தால், வோல்டேஜ் குறையும்போது மோடம் ரீஸ்டார்ட் ஆகும். கூடவே மோட்டார் ரூமின் தகரக் கூரை சிக்னலைத் தடுக்கும். அங்கே மோடம் முழு சக்தியோடு கத்த வேண்டியிருப்பதால் ரீஸ்டார்ட் இன்னும் அடிக்கடி நடக்கும். ‘நெட்வொர்க் சரியில்லை’ என்று நாம் திட்டுவதில் பாதி இதுதான். ஆன்டெனாவை ஒயரோடு கூரைக்கு மேல் ஏற்றினாலே பல பெட்டிகள் சொன்ன பேச்சைக் கேட்கின்றன.

சரி, ஆன் ஆகிவிட்டது என்று குரல் சொல்கிறது. எதை வைத்துச் சொல்கிறது? மலிவான பெட்டி, தன் ரிலே என்ற உள் சுவிட்ச் மூடியதை வைத்துச் சொல்கிறது. ஸ்டார்ட்டரின் கான்டாக்ட் நடுவே எறும்பு கூடு கட்டியிருந்தாலோ பல்லி விழுந்து கிடந்தாலோ ரிலே மூடும், மோட்டார் ஓடாது. நல்ல பெட்டியில், மோட்டாருக்குப் போகும் ஒயரைச் சுற்றி சிடி காயில் என்ற வளையம் இருக்கும். அது ஆம்பியரை அளந்து சொல்லும். கிணற்றில் தண்ணீர் வற்றிவிட்டால் மோட்டாருக்குச் சுமை குறைந்து ஆம்பியர் இறங்கும். அதை வைத்தே ட்ரை ரன் ஆகாமல் நிறுத்திவிடலாம். ஒரு ஃபேஸ் போனால் மிச்ச ஃபேஸில் ஆம்பியர் ஏறும். மோட்டாரின் காயில் கருகும் முன் நிறுத்தலாம். இந்தப் பாதுகாப்பு எல்லாம் பெட்டிக்குள்ளேயே நடக்க வேண்டும். டவரையோ சர்வரையோ கேட்டுவிட்டு நிறுத்தும் பெட்டி, இணைப்பு அறுந்த அன்றைக்கு மோட்டாரைக் கருகவிடும்.

லோரா

கிணறு ஒரு மூலையில், தொட்டி மேட்டில், வால்வுகள் ஆங்காங்கே என்று இருக்கும் தோட்டத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சிம் போட்டுக்கொண்டிருக்க முடியாது. அங்கேதான் லோரா நிற்கிறது. பிரான்ஸின் சைக்ளியோ என்ற சிறு நிறுவனம் உருவாக்கிய தொழில்நுட்பம் இது. 2012ல் அமெரிக்காவின் செம்டெக் அந்த நிறுவனத்தை வாங்கியது. இந்தியாவில் 865 மெகா ஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையில் ஓடுகிறது. வரம்புக்குட்பட்ட சக்தியில் அந்த அலைவரிசையைப் பயன்படுத்த உரிமக் கட்டணம் இல்லை. மாத ரீசார்ஜும் இல்லை.

தென்னந்தோப்பில் இதன் அருமை தெரியும். ஓலையில் இருக்கும் ஈரம் ரேடியோ அலையை உறிஞ்சும். வைஃபையும் ஜிக்பீ என்ற குறுந்தூர ரேடியோவும் பயன்படுத்தும் 2.4 கிகா ஹெர்ட்ஸை அது அதிகமாக உறிஞ்சும், 865ஐக் குறைவாக. நடுவே மேடு மறைக்காமல், ஆன்டெனா உயரத்தில் இருந்தால் லோரா செய்தி சில கிலோமீட்டர் போகும். தோப்புக்குள் அந்தத் தூரம் வெகுவாகக் குறையும். விளம்பரத்தில் ‘15 கி.மீ.’ என்று போட்டிருந்தால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். இரண்டு பெட்டிகளை எடுத்துப் போய் உங்கள் நிலத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

தூரத்துக்குக் கொடுக்கும் விலை வேகம். நீண்ட தூரத்துக்கான மெதுவான அமைப்பில் ஒரு சிறு செய்தி காற்றில் போய்ச் சேரவே ஒரு வினாடிக்கு மேல் ஆகும். ஒரு தடவைக்கு 51 பைட் வரைதான் அனுப்பலாம். ஈரப்பதம், வெப்பநிலை, பேட்டரி அளவு ஆகிய மூன்று எண்களை அரை மணிக்கு ஒரு தடவை அனுப்ப அது தாராளம். கேமரா படத்துக்கு ஆகாது.

மோட்டாருக்கு வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேட்டரியில் ஓடும் லோராவான் (லோராவின் மேல் ஓடும் நெட்வொர்க் முறை) கருவி பெரும்பாலும் ‘கிளாஸ் ஏ’ வகை. தான் பேசி முடித்த பிறகு இரண்டு சின்ன இடைவெளியில் மட்டும் காது கொடுத்துவிட்டுத் தூங்கிவிடும். நீங்கள் ‘நிறுத்து’ என்று அனுப்பிய கட்டளை அடுத்து அது விழிக்கும் வரை காத்துக்கிடக்கும். சென்சாருக்கு இது சரி, மோட்டாருக்கு ஆபத்து. எப்போதும் காது கொடுத்திருக்கும் ‘கிளாஸ் சி’ தான் மோட்டாருக்கு வேண்டும். மின்சாரம் இருக்கும் இடம் என்பதால் அதற்குத் தடையும் இல்லை.

குறை என்ன? எல்லா லோரா கருவிகளின் செய்தியையும் வாங்கி இன்டர்நெட்டுக்குக் கடத்தும் கேட்வே என்ற நடுப்பெட்டியை நீங்களே வாங்கி, உயரத்தில் ஏற்றி, இடி மின்னலிலிருந்து காப்பாற்ற வேண்டும். அது பழுதானால் தோட்டமே ஊமையாகிவிடும். அதைப் பழுது பார்க்கத் தெரிந்த ஆள் தாலுகாவுக்கு ஒருவர் கிடைத்தாலே பெரிய விஷயம். மோட்டார் மெக்கானிக்குகளுக்கு இதில் பயிற்சி கிடைக்கும் வரை தனி விவசாயி தயங்குவதில் நியாயம் இருக்கிறது. கிணற்றுப் பெட்டியும் தொட்டிப் பெட்டியும் கேட்வே இல்லாமல் நேருக்கு நேர் பேசும் லோரா செட்டுகளும் விற்கின்றன. ஒரு தொட்டி, ஒரு மோட்டார் என்றால் அதுவே போதும்.

என்பி-ஐஓடி

செல்போன் நிறுவனங்களின் டவரிலேயே, கருவிகளுக்கென்று ஒதுக்கிய ஒடுக்கமான பாதை இது. செல்போன் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் தரநிலையில் 2016ல் சேர்ந்தது. சுவருக்குள், தரைக்கடியில் இருக்கும் மீட்டரையும் எட்டும். ஒரு பேட்டரியில் பத்து வருடம் என்பது வடிவமைப்பின் இலக்கு. குடிநீர் மீட்டர், கேஸ் மீட்டர், மின் மீட்டர் ஆகியவற்றுக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் பேட்டரி நீடிப்பதே அது பெரும்பாலும் தூங்குவதால்தான். தூங்கும் மோடத்துக்குக் கட்டளை போகாது என்பதால் மோட்டாருக்கு இதைத் தேடிப் போக வேண்டியதில்லை.

இன்னொரு கவலையும் உண்டு. ஜப்பானின் டோகோமோ தன் என்பி-ஐஓடி சேவையை 2020லேயே நிறுத்திவிட்டது. ஏடி&டியும் அமெரிக்காவில் 2025ல் மூட முடிவெடுத்தது. இதே துறையில் பேர் வாங்கிய பிரெஞ்சு நிறுவனம் சிக்ஃபாக்ஸ் 2022 ஜனவரியில் நீதிமன்றப் பாதுகாப்புக்குப் போய், சில மாதத்தில் சிங்கப்பூரின் யுனாபிஸ் கைக்கு மாறியது. புதிய நெட்வொர்க் என்பதாலேயே நீண்ட நாள் இருக்கும் என்று எண்ண முடியாது.

வைஃபை

வீட்டு மாடித் தொட்டிக்கு வைஃபை தாராளமாகப் போதும். தோட்டத்துக்கு எட்டாது.

வீட்டிலும் ஒன்றைப் பார்த்து வாங்க வேண்டும். பல வைஃபை சுவிட்சுகளில், கூடத்தில் இருந்துகொண்டு ஆப்பில் தட்டினாலும் கட்டளை வெளிநாட்டு சர்வர் வரை போய்த் திரும்பி வருகிறது. சர்வரை மூடினால் கருவி வெறும் பிளாஸ்டிக்தான். ரிவால்வ் என்ற வீட்டுக் கருவியின் சர்வரை 2016 மே மாதம், அதை வாங்கியிருந்த நெஸ்ட் நிறுவனம் மூடியது. காசு கொடுத்து வாங்கியவர்கள் கையில் உயிரற்ற டப்பா மிஞ்சியது. 2022ல் வீட்டு ஸ்மார்ட் கருவிகள் விற்ற இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றன. இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஆப்பில் தட்டினால் வேலை செய்கிறதா என்று கடையிலேயே காட்டச் சொல்லுங்கள்.

எந்த இணைப்பானாலும் உள்ள அபாயங்கள்

முதலில் சாவது இணைப்பு அல்ல, சென்சார். மலிவான ஈரப்பத சென்சாரில் இரண்டு உலோகக் கால்கள் மண்ணுக்குள் இருக்கும். அவற்றின் வழியே மின்சாரம் பாய்ந்து பாய்ந்து மின்னாற்பகுப்பில் உலோகம் கரையும். உப்புத் தண்ணீர் பாயும் நிலத்தில் இன்னும் சீக்கிரம். உலோகம் மண்ணைத் தொடாத கெப்பாசிட்டிவ் வகையைத்தான் வாங்க வேண்டும்; அதிலும் மேல் பக்கத்து எலெக்ட்ரானிக்ஸ் ஈரம் புகாமல் மூடியிருக்க வேண்டும். கரைந்த சென்சார் மண் காய்ந்திருக்கிறது என்று பொய் சொல்லும். அதை நம்பி தானாக ஓடும் மோட்டார் கிணற்றையே காலி செய்துவிடும். அதனால் தானியங்கி முறைக்கு ஒரு நேர வரம்பு கட்டாயம் வையுங்கள்: ஈரம் ஏறினாலும் ஏறாவிட்டாலும் இத்தனை மணி நேரத்துக்கு மேல் ஓடக் கூடாது.

அடுத்தது பாஸ்வேர்டு. 2016ல் மிராய் என்ற வைரஸ், கம்பெனி வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டிருந்த கேமராக்களையும் ரூட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அந்த அக்டோபரில் இணையதள முகவரிகளைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் டைன் நிறுவனத்தைத் தாக்கி ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் வரை முடக்கியது. சிம் பெட்டியிலும் 1234 போன்ற எண்ணை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பித்தான் பலர் அமைப்பை மாற்றுகிறார்கள். வாங்கிய அன்றே அதை மாற்றுங்கள். அனுமதி பெற்ற எண்களிலிருந்து மட்டும் ஓடும்படி வையுங்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய அபாயம் ஒன்று இருக்கிறது. விற்பவர்கள் அதைச் சொல்வதில்லை. பழுது பார்க்க ஒருவர் கிணற்றுக்குள் இறங்கியிருப்பார் அல்லது மோட்டார் ஒயரில் கை வைத்திருப்பார். வெளியூரில் இருக்கும் மகன் அது தெரியாமல் போனில் ஆன் செய்துவிட்டால் உயிர் போகும். பெட்டியின் முகப்பில் ‘லோக்கல்–ரிமோட்’ தேர்வு சுவிட்ச் இல்லாத கருவியை வாங்கவே வாங்காதீர்கள். வேலை செய்பவர் அதை லோக்கலுக்குத் திருப்புவதோடு நிற்காமல் மெயினையும் இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். முடிந்தால் மெயின் பெட்டிக்கு ஒரு பூட்டு போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ளலாம்.

ஐந்து ஏக்கர் தென்னை, ஒரு கிணறு, ஒரு தொட்டி என்றால் நான் போடுவது இதுதான்: மோட்டாருக்கு வோல்ட்டி உள்ள 4ஜி பெட்டி, சிடி காயிலோடு, தொட்டிக்கும் கிணற்றுக்கும் நடுவே நேரடி லோரா செட், ஈரப்பதத்துக்கு முதல் வருடம் இரண்டு சென்சார் மட்டும், அதுவும் மோட்டாரோடு இணைக்காமல். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் அவை சொல்வது மண்ணைக் கிள்ளிப் பார்ப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகு மோட்டாரை அவற்றோடு இணைக்கலாம். நிலம் பெரிதாகி வால்வுகள் நாலைந்துக்கு மேல் போனால் கேட்வே வாங்கும் செலவு நியாயமாகும். அப்போது பக்கத்துத் தோட்டத்துக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரே கேட்வே பல தோட்டங்களுக்குப் பேசும்.