ஒரேயடியாக உடைப்பதா, கோப்புக்குக் கோப்பு மாற்றுவதா?

ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையின் சரக்குக் கணக்கு நிரலைப் பைத்தான் என்ற நிரல்மொழியின் 2-ஆம் பதிப்பிலிருந்து 3-க்கு மாற்றியபோது, பிரிண்ட் என்ற அச்சிடும் கட்டளை வரிகள் தொடக்கத்திலேயே பிழை காட்டி நின்றுவிட்டதால் அவற்றை ஒரே மாலையில் திருத்திவிட்டேன். வகுத்தல் குறியோ எந்தப் பிழையும் காட்டவில்லை. முழு எண்களை வகுக்கும்போது பைத்தான் 2 பின்னத்தை விட்டுவிடும் என்பதால், கட்டுக்கு 20 வீதம் 250 தோல்களுக்கு "கட்டு 12, உதிரி 10" என்று பழைய நிரல் அச்சிடும். பைத்தான் 3-இல் அதே வகுத்தல் 12.5 தருவதால், கட்டுகளில் அடங்கியதைக் கழித்தபின் உதிரி பூஜ்யமாகிவிட, பின்னத்தை வெட்டி அச்சிடும் படிவத்தில் "கட்டு 12, உதிரி 0" என்று வந்தது. கிடங்கில் பத்துத் தோல்கள் கிடந்தன. சீட்டில் அவை இல்லை.

ஆகவே, பழைய அம்சங்களை ஒரு மொழி கைவிடும் விதத்தை எடைபோடும்போது, உடைவது உடனே கண்ணுக்குத் தெரிகிறதா என்பதையே முதலில் பார்க்கிறேன்.

பைத்தான் 2008-இல் 3-ஆம் பதிப்பை வெளியிட்டபோது, பழைய நிரல்கள் அப்படியே ஓடாதபடி ஒரேயடியாக உடைத்தது. 2015-இல் முடிவதாக இருந்த, பைத்தான் 2-இன் கடைசிப் பதிப்பான 2.7-இன் ஆதரவு 2020 வரை நீட்டிக்கப்பட்டது. ஜாவா மொழி இதற்கு நேர் எதிர். 1998-இல் டெப்ரிகேட் செய்யப்பட்ட, அதாவது இனிப் பயன்படுத்த வேண்டாம் என எச்சரிக்கப்பட்ட, த்ரெட்.ஸ்டாப் என்ற கட்டளை, 2023-இல் வந்த ஜாவா 20-இல்தான் செயலிழந்தது. பழைய நிரல்களுக்கு அது நிம்மதி என்றாலும், கால் நூற்றாண்டாகத் திரையில் ஓடும் எச்சரிக்கையை யார் படிப்பார்கள்?

எந்த ஆண்டின் விதிகளைப் பின்பற்றுவது என்று ஒவ்வொரு தொகுப்பும் தானே குறிப்பிடும் ரஸ்ட் மொழியின் எடிஷன் முறையே எனக்கு உகந்ததாகப் படுகிறது. 2018 எடிஷனில் அசிங்க் என்பது, நிரலர் பெயராகச் சூட்ட முடியாதபடி மொழிக்கே உரிய சொல்லாகிவிட்டது. ஆயினும் அதைப் பெயராகப் பயன்படுத்திய 2015 எடிஷன் தொகுப்பு திருத்தமின்றிக் கம்பைல் ஆவதோடு, புதியவற்றோடு ஒரே நிரலில் இணையவும் செய்கிறது. எல்லா எடிஷன்களையும் கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) சுமந்தாக வேண்டும் என்பது அதற்கான விலை. மொழியோடு வரும் ஆயத்த நிரல்களின் பொது நூலகமும் எல்லா எடிஷன்களுக்கும் ஒன்றே என்பதால், அதிலிருந்து எதையும் எளிதில் நீக்க இயலாது. 2024-இல் கோ மொழியின் 1.22 பதிப்பு, ஃபார் என்ற திரும்பத் திரும்ப இயங்கும் சுற்றில் மாறி செயல்படும் விதத்தை மாற்றியபோதும், நிரல் தொகுப்பின் விவரம் அடங்கிய மாட்யூல் கோப்பில் எழுதிய பதிப்பைப் பார்த்தே புதிய விதியைப் பொருத்தியது.

எழுதியவரே பல ஆண்டுகள் பராமரிக்கும் எங்கள் வேலூர் வட்டார நிரல்களுக்குச் சோதனைக் குழு என்று எதுவும் கிடையாது. வாரத்துக்கு ஒரு கோப்பாக மாற்ற முடிந்தால்தான் மாற்றமே நடக்கும். பைத்தானிலும் அந்த வழி இருந்தது. 2001-இல் வந்த 2.2 முதலே, ஃபியூச்சர் இறக்குமதி என்ற ஒற்றை வரியைக் கோப்பின் தலையில் சேர்த்தால், அந்தக் கோப்பில் மட்டும் புதிய வகுத்தல் அமலாகும். அதே தொழிற்சாலையின் கூலிக் கணக்கை அப்படித்தான் மாற்றினேன்: பைத்தான் 2-இல் இருந்தபடியே ஒவ்வொரு கோப்பிலும் அந்த வரியைச் சேர்த்து, முந்தைய மாதத்துச் சீட்டுகளோடு தொகை தொகையாக ஒப்பிட்ட பிறகே 3-க்குப் போனேன்.