கார்டன்-லாய்டு மார்க் 6, லைட் டாங்க் மார்க் 6: எது எதற்கு?

பெயரில் இரண்டுமே ‘மார்க் 6’. அதனாலேயே 1930களின் பிரிட்டிஷ் படை வண்டிகளைச் சிறிய அளவில் மாடல் செய்ய உட்காருபவர்கள் தடுமாறுகிறார்கள். முன்னது 1920களின் கடைசியில் வந்த குட்டிக் கவச வண்டி. பின்னது 1936இல் உற்பத்திக்கு வந்த முழு டாங்கி.

ஆட்கள்: கார்டன்-லாய்டில் இருவர், நடுவே என்ஜின். லைட் டாங்கில் மூவர்.

எடை: ஒன்றரை டன் / ஏறத்தாழ 5 டன்.

கவசம்: அதிகபட்சம் 9 மி.மீ. / 14 மி.மீ. இரண்டுமே துப்பாக்கிக் குண்டைத் தாங்கத்தான். ஜெர்மானியர்களின் 37 மி.மீ. பீரங்கிக்கு முன் இரண்டும் தகர டப்பா.

ஆயுதம்: கார்டன்-லாய்டில் ஒரே ஒரு விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கி, சுழல்கோபுரமே கிடையாது, பக்கவாட்டில் சுட வண்டியையே திருப்ப வேண்டும். லைட் டாங்கின் சுழல்கோபுரத்தில் 0.50, 0.303 அங்குல விக்கர்ஸ் இரண்டு, வானொலியும் உண்டு. கடைசி ரகமான மார்க் 6சி-யில் மட்டும் விக்கர்ஸுக்குப் பதில் பெசா என்ற வேறு ரக இயந்திரத் துப்பாக்கிகள். மாடல் செய்பவர்கள் அதிகம் கோட்டைவிடுவது இங்கேதான்.

ஓட்டம்: லைட் டாங்க் சாலையில் மணிக்கு 56 கி.மீ. ஓடும். ஆனால் நீளம் சுமார் 4 மீட்டர்தான். மேடுபள்ளத்தில் வேகமெடுத்தால் முன்னும் பின்னும் ஊஞ்சலாடும், குறி நிற்காது. இறக்கத்தில் இன்னொரு தொல்லை: ஒரு பக்கம் திரும்ப அந்தப் பக்க கிளட்சை விட்டால், என்ஜின் பிடியிலிருந்து விடுபட்ட அந்தப் பக்கம் முந்தி ஓட, வண்டி எதிர்த்திசையில் திரும்பிவிடும்.

1940 பிரான்ஸ் போர்க்களம் என்றால் லைட் டாங்க்தான். அங்கே பிரிட்டன் இறக்கிய டாங்கிகளில் அதிகம் இதுவே. போலந்தின் டிகே-3, சோவியத்தின் டி-27 ஆகிய குட்டிக் கவச வண்டிகளின் மூலத்தைக் காட்ட நினைத்தால் கார்டன்-லாய்டு.