பழைய 911 எஸ்சி: கே-ஜெட்ரானிக்கையே வைத்துக்கொள்வதா, வெபர் கார்பரேட்டருக்கு மாறுவதா, இசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) போடுவதா?

ராயபுரத்திலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ ஒரு கோடவுனில், தார்ப்பாய்க்கு அடியில் நாலைந்து வருஷம் கிடந்த போர்ஷே 911 எஸ்சி. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. பிடித்தாலும் மிஸ்ஸிங். பார்க்க வருகிறவர் சொல்லும் முதல் வார்த்தை: "இந்த சிஸ்டமே வேணாம் சார், கழட்டிட்டு கார்பரேட்டர் மாட்டிடலாம்." நோயைப் பார்க்காமலே மருந்து எழுதும் கதை இது. மாற்றுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க ஒரு பிரஷர் கேஜும் அரை நாளும் போதும்.

1978 முதல் 1983 வரை வந்த எஸ்சியில் இருப்பது போஷ் கே-ஜெட்ரானிக் என்ற மெக்கானிக்கல் இன்ஜெக்ஷன். பெட்ரோலை அளப்பது கம்ப்யூட்டர் அல்ல. உள்ளே வரும் காற்று ஒரு சென்சார் பிளேட்டைத் தூக்கும். பிளேட்டின் கை ஒரு பிளஞ்சரைத் தள்ளும். பிளஞ்சர் எவ்வளவு ஏறுகிறதோ அந்த அளவுக்கு ஆறு இன்ஜெக்டருக்கும் பெட்ரோல் இடைவிடாமல் போகும். ஆகவே பிளேட்டைத் தாண்டி எந்த ஓட்டை வழியாகக் காற்று நுழைந்தாலும் அது கணக்கில் வராது, வண்டி லீனாக, அதாவது காற்றுக்குத் தகுந்த பெட்ரோல் இல்லாமல், ஓடும். "இன்ஜெக்ஷன் போச்சு" என்று தீர்ப்பு எழுதப்படும் வண்டிகளில் பல இந்தக் காற்றுக் கசிவால் கெட்டவைதான். இதற்கு ஒரு எளிய சோதனை: ஐடிலில் ஓடும்போது ஆயில் மூடியைத் திறக்க வேண்டும். எஞ்சின் தடுமாற வேண்டும், அணைந்தே போகலாம். எதுவும் மாறவில்லையென்றால் ஏற்கெனவே வேறெங்கோ ஓட்டை இருக்கிறது. இன்ஜெக்டர் ஓ-ரிங், இன்டேக் ரப்பர் ஸ்லீவ், ஆயில் மூடி வாஷர், வெடித்த பிளாஸ்டிக் ஏர்பாக்ஸ் என்று வரிசையாகப் பார்த்து வரலாம். பேக்ஃபயரில் ஏர்பாக்ஸ் பிளப்பது இந்த வண்டியின் பரம்பரை நோய். புதுசு போடும்போதே, பேக்ஃபயர் அழுத்தத்தை வெளியே விடும் பாப்-ஆஃப் வால்வும் ஒட்டிவிட வேண்டும்.

அடுத்தது கேஜ். பிளஞ்சர் இருக்கும் ஃப்யூயல் டிஸ்ட்ரிபியூட்டருக்கும், எஞ்சின் சூடாகும்வரை கலவையைத் திருத்தும் வார்ம்-அப் ரெகுலேட்டருக்கும் நடுவில், ரெகுலேட்டர் பக்கம் ஒரு வால்வோடு மாட்ட வேண்டும். வால்வை மூடினால் சிஸ்டம் பிரஷர் தெரியும்: 4.5 முதல் 5.2 பார். திறந்தால் கண்ட்ரோல் பிரஷர்: எஞ்சின் குளிர்ந்திருக்கையில் குறைவாக இருக்கும், சூடானதும் 3.4 முதல் 3.8 பாருக்கு ஏறி நிற்கும். குளிரிலேயே மேலே நின்றால் ரெகுலேட்டர் அடைத்திருக்கிறது; காலையில் ஸ்டார்ட் ஆகாததற்குக் காரணம் அதுதான். எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடத்தில் ஒரு பாருக்குக் கீழே விழுந்தால், அணைத்த பிறகும் லைனில் பிரஷரைப் பிடித்து வைக்கும் அக்யூமுலேட்டரோ பம்பின் செக் வால்வோ போயிருக்கிறது. இந்தக் கோளாறு நம்மூரில்தான் பூதமாகத் தெரியும். மே மாதப் பகலில் எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுக டிரெய்லர்களுக்குப் பின்னால் ஊர்ந்துவிட்டு, டீ குடிக்க நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து வந்தால் லைனில் பெட்ரோல் கொதித்து ஆவியாகியிருக்கும், வண்டி கிளம்பாது. மாற்ற வேண்டியது ஒரே ஒரு அக்யூமுலேட்டர். அதற்குப் பதிலாகச் சிஸ்டத்தையே மாற்றுகிறார்கள்.

கேஜ் மாட்ட பாரிமுனையில் ஃபிட்டிங் வாங்கும்போது கவனம். கடையில் கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் பிஎஸ்பி என்ற இன்ச் அளவுக் குழாய் மரை. வண்டியில் இருப்பது மெட்ரிக் ஃபைன். "கொஞ்சம் முறுக்கினா ஏறிடும்" என்று ஏற்றினால் டிஸ்ட்ரிபியூட்டரின் மரை போய்விடும். பழைய போல்ட்டைக் கையோடு எடுத்துப் போய் லேத்தில் கடைந்துகொள்வது மேல்.

மூன்றாவது சோதனை, ஆறு இன்ஜெக்டரையும் உருவி ஆறு ஒரே மாதிரி கண்ணாடி பாட்டிலில் விட்டு, பம்பை ஓடவிட்டு, பிளேட்டை மெல்லத் தூக்குவது. ஆறிலும் ஒரே மட்டம் ஏற வேண்டும், புகைபோலத் தூவ வேண்டும். பக்கத்தில் தீயணைப்பான் இல்லாமல் செய்யக் கூடாது. இன்ஜெக்டர்கள் எஞ்சினில் இருக்கும்போது பிளேட்டைத் தூக்கவும் கூடாது. சிலிண்டரில் பெட்ரோல் நிரம்பி, செல்ஃப் அடித்ததும் கனெக்டிங் ராட் வளையும். பிளஞ்சர் கறை பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தாலோ பாட்டில்கள் ஏறுக்குமாறாக நிரம்பினாலோ மட்டுமே பெரிய செலவு. மற்ற எல்லாவற்றிலும் ஒரிஜினலைச் சரிசெய்வதே மலிவு.

அப்படியானால் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல்? நியாயமான கேள்வி. ஒரு பங்கு சுத்தப் பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று போதும். இ20-க்கு ஏறக்குறைய 13.5. பழைய செட்டிங்கிலேயே ஓட்டினால் சுமார் 8 சதவீதம் லீன். கே-ஜெட்ரானிக்கில் இதற்கு 3 மி.மீ. ஆலன் சாவி போதும்: கலவைத் திருகை வலப்பக்கம் திருப்பினால் ரிச், அதாவது பெட்ரோல் கூடும். அரைக்கால் சுற்று திருப்பி, சாவியை உருவிவிட்டு, ஆக்ஸிலேட்டர் கொடுத்துப் பார்க்க வேண்டும். சாவி உள்ளே இருக்கும்போது ரேஸ் செய்தால் உள்ளே இருக்கும் கை வளையும். ரப்பர் சமாச்சாரங்களை எத்தனாலைத் தாங்கும் வைட்டான் ரப்பருக்கு மாற்றியே ஆக வேண்டும்.

வெபர் பக்கம் வருவோம். மூன்று தொண்டை கொண்ட 40 ஐடிஏ இரண்டு, புது மேனிஃபோல்டு. பார்க்க அழகு, ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சத்தம் சொர்க்கம். ஆனால் எஸ்சியின் கேம்ஷாஃப்டே கே-ஜெட்ரானிக்குக்காக அடக்கி வைத்தது. கேமை மாற்றாமல் வெபர் மட்டும் போட்டால் சத்தம்தான் கூடும், பிக்கப் பெரிதாகக் கூடாது. பழைய பம்பையும் விட்டுவைக்க முடியாது. வெபருக்கு வேண்டியது கால் பார். ஐந்து பார் தள்ளும் பம்ப் நீடில் வால்வைத் தாண்டிப் பெட்ரோலை எஞ்சின் மேல் கொட்டும். இ20-க்கு மெயின் ஜெட்டும் ஏற்ற வேண்டும். ஜெட் எண் விட்டம் என்பதால் 8 சதவீதம் கூடுதல் பெட்ரோலுக்கு 130 இருந்த இடத்தில் 135. நம்மூர் வெயிலில், பெட்ரோல் தேங்கி நிற்கும் ஃப்ளோட் சேம்பர் கொதிப்பது தனித் தலைவலி. மாதம் ஒருமுறை எடுக்கும் வண்டியென்றால் சேம்பர் காய்ந்து ஜெட்டில் பிசின் படியும். ரேஸுக்கான எஞ்சின் கட்டுகிறவருக்குச் சரி. ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு இதுதான் மூன்றில் கடைசி.

இசியூவின் பலம் வேறு. புகையிலுள்ள ஆக்ஸிஜனை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் இருந்தால் எந்தப் பெட்ரோல் ஊற்றினாலும் அதுவே திருத்திக்கொள்ளும். ஹாட் ஸ்டார்ட், ஐடில் எல்லாம் இன்றைய வண்டி மாதிரி. 204 குதிரைத்திறன் எஞ்சினுக்கு, இ20-யையும் சேர்த்து, 3 பாரில் நிமிடத்துக்கு 240 முதல் 260 சிசி தரும் இன்ஜெக்டர் போதும். பெரிதாகப் போட்டால் ஐடில் தடுமாறும். பழைய பம்பையே 3 பார் ரெகுலேட்டரோடு ஓட்டலாம், ரிட்டர்ன் லைனும் இருக்கிறது. கிராங்க் புல்லியில் 60-2 பல் சக்கரம் (60 பல்லில் இரண்டு இல்லாதது), சென்சார் இடைவெளி ஒரு மி.மீ.க்குள். பழைய ரன்னரில் புது இன்ஜெக்டர் உட்கார அடாப்டர் கடைய வேண்டும். நல்ல லேத் பட்டறைக்கு இது பெரிய வேலையல்ல.

ஆனால் வேலை இழுப்பது வயரிங்கில். கடல் காற்றில் செம்பு முனைகள் பச்சை பூத்துக் கிடக்கும். கியர்பாக்ஸ் எர்த் பட்டையைப் புதிதாக்காமல் இசியூ மாட்டினால் செல்ஃப் அடிக்கும் நொடியில் வோல்டேஜ் சரிந்து இசியூ ரீசெட் ஆகும். ஸ்பார்க் கொடுக்கும் சிடிஐ பெட்டியின் வயருக்குப் பக்கத்தில் கிராங்க் சென்சார் வயரை ஓட்டினால் ஆர்பிஎம் பைத்தியம் பிடித்ததுபோல் ஆடும். ஷீல்டு வயர் போட்டு, ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்ய வேண்டும். சிலிண்டருக்கு ஒன்றாகத் தனித்தனி த்ராட்டில் பாடி போட்டால் வேக்யூம் சிக்னல் துடிக்கும். லோடை த்ராட்டில் கோணத்தை வைத்துக் கணக்கிட வேண்டியிருக்கும். கடைசியில் மேப், அதாவது எப்போது எவ்வளவு பெட்ரோல் என்ற அட்டவணை, எழுத ஆள் வேண்டும். மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் விடிகாலையில், ஒருவர் ஓட்ட ஒருவர் லேப்டாப் பார்க்க, பல நாள் வேலை.

பிளஞ்சரும் டிஸ்ட்ரிபியூட்டரும் உயிரோடிருந்தால் ஒரிஜினலையே சரிசெய்யுங்கள். அவை செத்திருந்தால், அல்லது வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டியென்றால், இசியூ. மத்திய அரசின் 2021 விதிப்படி 50 வயது தாண்டிய வண்டிக்கு விஏ என்ற விண்டேஜ் பதிவு உண்டு. எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்பது அதன் நிபந்தனை. 1978 எஸ்சி 2028-ல் அந்த வயதைத் தொடும். எதைக் கழற்றினாலும் பழைய டிஸ்ட்ரிபியூட்டரைக் காயலான் கடைக்கு அனுப்பாமல், பெட்ரோலை வடித்து, மெல்லிய எண்ணெய் ஊற்றி, துளைகளை அடைத்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். இந்த உப்புக் காற்றில் வெறும் அட்டைப் பெட்டிக்குள் வைத்தால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.