சிகாகோவா, புறநகரா?

புறநகர்க்காரர்களைக் கேட்டால் லஞ்சம், துப்பாக்கிச் சூடு, வரி எல்லாமே சிகாகோவின் சொத்து. முழுப்பொய் இல்லை. அங்கே 2025-ல் விற்பனை வரி 10.25 சதவீதம். 54 வருஷம் கவுன்சிலராக இருந்த எட் பர்க், ஒரு பர்கர் கிங் கடையைப் புதுப்பிக்கும் வேலையையே முடக்கிவைத்து, தன் சட்ட அலுவலகத்துக்குக் கேஸ் பிடிக்கப் பார்த்தார். 2023-ல் குற்றவாளி என்று தீர்ப்பு.

புறநகர் மட்டும் யோக்கியமா? கள்ளச்சாராய தாதா அல் கபோன் 1924-ல் கடையை மாற்றியதே சிசரோ என்ற புறநகருக்குத்தான்! கிரெஸ்ட்வுட் என்ற புறநகரின் மேயர் லூ ப்ரெஸ்டா, சிக்னல் கேமரா கம்பெனி ஆளிடம் 5,000 டாலர் வாங்கிய வழக்கில் 2021-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சொத்து வரி விகிதமோ ஹார்வி மாதிரி தெற்குப் புறநகர்களில் சிகாகோவைவிட அதிகம். ஆலையும் கடையும் போனபின் பாரமெல்லாம் வீட்டுக்காரர் தலையில். துப்பாக்கிக்குப் பயந்தால் நேப்பர்வில் மாதிரி அமைதியான புறநகருக்குப் போகலாம். லஞ்சத்துக்குப் பயந்து சிகாகோவைவிட்டு ஓடுவது வீண் வேலை.