சீஸ்ஸ்டேக் ரோலா, ரூபன் ரோலா?

அமெரிக்க பார்களின் மெனுவில் எக் ரோலுக்குள் (முட்டைகோஸும் கறியும் வைத்துச் சுருட்டிப் பொரிக்கும் அமெரிக்கச் சீனப் பண்டம்) இப்போது எது வேண்டுமானாலும் இருக்கலாம். சாண்ட்விச்சுக்குள் வைப்பதை எடுத்து, கோதுமை மாவு உறையில் சுருட்டிப் பொரித்துவிடுகிறார்கள். அவற்றில் அடிக்கடி கண்ணில் படுபவை இரண்டு: பிலடெல்பியாவின் சீஸ்ஸ்டேக் சாண்ட்விச், டெலி எனப்படும் இறைச்சி, சாண்ட்விச் கடைகளின் ரூபன் சாண்ட்விச். இரண்டையும் கடையில் வாங்கித் தின்றும், வீட்டில் பொரித்தும் பார்த்ததில் எங்கள் சமையலறையில் நிலைத்தது ரூபன்தான்.

முதல் கடியில் சீஸ்ஸ்டேக் ஜெயித்துவிடும். மெல்லியதாகச் சீவிய ரிப்-ஐ (விலாப் பகுதி மாட்டிறைச்சி), வதக்கிய வெங்காயம், உருகிய சீஸ் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? பிள்ளைகள் கேட்பதும் அதைத்தான். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்குக் கோழியிலும் செய்யலாம். ரூபனுக்கு அந்த வசதி குறைவு.

ஆனால் பொரித்த பண்டத்தில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஈரம். தெற்கு பிலடெல்பியாவில் 1930-இல் பாட் ஒலிவியேரி ஆரம்பித்துவைத்த அந்த சாண்ட்விச்சில், இறைச்சியின் சாறையும் கொழுப்பையும் உறிஞ்சிக்கொள்வது நீள ரொட்டிதான். (சீஸ் பிறகுதான் வந்து சேர்ந்தது.) எக் ரோலில் அந்த ரொட்டி கிடையாது. வெங்காயமும் இறைச்சியும் விடும் தண்ணீர் உறைக்குள்ளேயே ஆவியாகி, வெளியே மொறுமொறுப்பாக இருப்பதை உள்ளிருந்தே நமத்துப்போக வைத்துவிடும். பார்சல் டப்பாவை மூடிவிட்டால் கேட்கவே வேண்டாம். தப்பிக்க வேண்டுமென்றால் இறைச்சியைக் கல்லில் நன்றாகச் சுண்ட விட்டு, வடித்து, முழுக்க ஆறிய பிறகே சுருட்ட வேண்டும். புரொவலோன் என்கிற இத்தாலிய சீஸ் சூட்டில் எண்ணெய் விடும். பதப்படுத்திய அமெரிக்கன் சீஸில் கொழுப்பைப் பிரியவிடாமல் பிடித்துவைக்கும் உப்புகள் இருப்பதால் அது பிரியாமல் உருகும். அதனால் இந்த ரோலுக்கு அதுதான் சரி.

ரூபனில் இருப்பது கார்ன்ட் பீஃப், ஸ்விஸ் சீஸ், சவர்க்ராட். உப்பு நீரில் ஊறி, ஏற்கெனவே வெந்து, குளிரவைத்து நறுக்கிய கறி, சுருட்டும் நேரத்தில் சாறு விடுவதில்லை. தண்ணீர்ப் பண்டம் என்றால் புளித்த முட்டைகோஸான சவர்க்ராட் மட்டுமே. துணியில் கட்டி, இனி சொட்டாது என்கிற வரை பிழிந்தால் அந்தத் தொல்லையும் போயிற்று. வெங்காயத்தைச் சுண்ட வைக்கும் நேரத்தில் பாதிகூட ஆகாது. யோசித்தால், முட்டைகோஸும் கறியும் எக் ரோலின் பழைய பூரணம்தானே? அதனால்தானோ என்னவோ, ரூபன் அங்கே விருந்தாளி மாதிரி இல்லை. எண்ணெயில் பொரித்த திகட்டலை அந்தப் புளிப்பு வெட்டிவிடுகிறது. சீஸ்ஸ்டேக் ரோலை இரண்டாவதாக எடுக்கும்போது கை தயங்கும்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. ரூபன் என்றால் ரை என்ற தானியத்தின் ரொட்டி, அதிலுள்ள, சீரகம் போலிருக்கும் கேரவே விதையின் வாசனை. ரோலில் அது இல்லை. சவர்க்ராட்டோடு கொஞ்சம் கேரவே கலந்து சமாளிக்கிறேன், ஆனாலும் ரொட்டியின் ருசி வரவில்லை. ரூபனில் தடவும் ரஷ்யன் டிரெஸ்ஸிங் என்கிற மயோனைஸ் சாஸை உள்ளே தடவவே கூடாது, தொட்டுக்கொள்ளத் தனியாக வையுங்கள். உள்ளே தடவினால் பிழிந்த உழைப்பெல்லாம் வீண்.

எண்ணெய் 175 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால் போதும். உள்ளே எல்லாம் வெந்ததுதான், உறை சிவக்க வேண்டும், சீஸ் உருக வேண்டும், அவ்வளவே. ஏர் ஃப்ரையரில் செய்தது எனக்குத் திருப்தியாக இல்லை. உறையின் மேல் எழும் அந்தக் கொப்புளங்கள் வரவில்லை. உறையவைத்துப் பல வாரம் கழித்துப் பொரித்த அனுபவம் கிடையாது, அதனால் அதைப் பற்றிப் பேசமாட்டேன். டெட்ராய்ட்டில் கார்ன்ட் பீஃப் எக் ரோலுக்குத் தனி மவுசு உண்டு. அங்கே போய்ச் சாப்பிடும் வாய்ப்பு இன்னும் அமையவில்லை.

வீட்டில் பிள்ளைகள் கூட்டம் என்றால் மட்டும் சீஸ்ஸ்டேக் ரோல் செய்கிறேன். சுடச்சுடத் தட்டு காலியாகிவிடும், நமத்துப்போக நேரமே இருக்காது.