150 நாள் கெடு: ‘ஃபால்அவுட்’ முதல் பாகமும் அதன் மேசை வடிவமும்

நிலத்தடிக் குடியிருப்பு ஒன்றில் தண்ணீரைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தின் ‘வாட்டர் சிப்’ பழுதாகிவிடுகிறது. 150 நாட்களுக்குள் வேறொன்றைத் தேடிக் கொண்டுவராவிட்டால் உள்ளே இருப்பவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் இருக்காது. 1997ஆம் ஆண்டு இன்டர்ப்ளே நிறுவனம் வெளியிட்ட ‘ஃபால்அவுட்’ என்னும் கணினி விளையாட்டு இந்த ஒரே கவலையோடு நம்மை அந்தக் குடியிருப்பான வால்ட் 13இன் கனத்த கதவுக்கு வெளியே அனுப்புகிறது. 2077இல் மூண்ட அணு யுத்தத்துக்கு 84 ஆண்டுகளுக்குப் பிறகு, கலிபோர்னியாவின் வறண்ட நிலத்தில் கதை நடக்கிறது. பின்னால் வந்த பாகங்கள் பரப்பிலும் காட்சியழகிலும் இதை வெகுதூரம் முந்திவிட்டன. ஆனாலும், அழிவுக்குப் பின் மனிதர்கள் எதற்காக ஒருவரையொருவர் சார்ந்தும் ஏமாற்றியும் வாழ்வார்கள் என்ற கேள்வியை இவ்வளவு நேர்மையாக எடுத்துக்கொண்ட வேறொரு விளையாட்டை நான் ஆடியதில்லை.

இதற்குக் காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. டிம் கெய்ன் தலைமையிலான குழு இதை முதலில் ‘கர்ப்ஸ்’ என்னும் மேசை விளையாட்டின் (ஒருவர் நடுவராகக் கதையை நடத்த, மற்றவர்கள் பாத்திரமேற்றுப் பகடை உருட்டி ஆடுவது) விதிகளைக் கொண்டுதான் உருவாக்கத் தொடங்கியது. அந்த விதிகளை வெளியிட்ட ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் நிறுவனத்துடனான ஏற்பாடு பாதியில் முறிந்ததால், குழு தனக்கென ‘ஸ்பெஷல்’ என்ற முறையை வகுத்துக்கொண்டது. வலிமை, கூர்நோக்கு, தாங்குதிறன், வசீகரம், அறிவு, சுறுசுறுப்பு, அதிர்ஷ்டம் ஆகிய 7 பண்புகளுக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் தந்து நம் பாத்திரத்தை நாமே வார்த்தெடுக்க வேண்டும். விதிகள் மாறினாலும், நீங்கள் எதைச் செய்ய முயன்றாலும் அதற்கு ஒரு விளைவைச் சொல்லியாக வேண்டும் என்ற மேசை விளையாட்டு நடுவரின் கடமையுணர்வு மட்டும் விளையாட்டுக்குள் அப்படியே தங்கிவிட்டது. அறிவுக்கு 3 மதிப்பெண்ணோ அதற்கும் குறைவாகவோ கொடுத்துப் பாருங்கள்: உங்கள் பாத்திரத்தால் முழு வாக்கியம் பேச முடியாது, எதிரில் இருப்பவர்கள் சலிப்போடோ பரிவோடோ விலகிப் போவார்கள், பல வேலைகள் உங்களிடம் ஒப்படைக்கப்படவே மாட்டா. பல உரையாடல்களையும் அந்த நிலைக்கு ஏற்றபடி தனியாக எழுதியிருக்கிறார்கள்.

என்னை இன்றுவரை விடாமல் பிடித்திருக்கும் இடம் நெக்ரோபோலிஸ். கதிர்வீச்சில் தோல் உருகிச் சிதைந்தும் சாகாமல் நீண்ட காலம் வாழும் கூல்கள் குடியிருக்கும் பாழ்நகரம் அது. நாம் தேடி வந்த சிப் அங்கேதான், தரைக்கடியில் உள்ள பழைய வால்ட் ஒன்றில், இன்னமும் ஓடிக்கொண்டிருக்கும் கணினிக்குள் இருக்கிறது. சாக்கடைப் பாதைகளில் ஒதுங்கி வாழும் சில கூல்கள், அதை எடுத்துவிட்டால் தங்களுக்குத் தண்ணீர் இல்லாமல் போய்விடும் என்று சொல்கிறார்கள். மேலே ஒரு நீரேற்றும் பம்பு பழுதாகிக் கிடக்கிறது; அதற்கான உதிரிப் பாகங்கள் சாக்கடைக்குள் எங்கோ கிடக்கின்றன; பழுது நீக்கும் திறனும் கொஞ்சம் இருந்தால் அதை ஓடவைத்துவிடலாம். அப்படிச் செய்தால் இரு தரப்பும் பிழைக்கும். ஆனால் எங்கே போக வேண்டும் என்று காட்டும் அம்புக்குறி எதுவும் திரையில் இல்லை. சிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே நடந்துவிடவும் எந்தத் தடையும் இல்லை. முதல் முறை ஆடியபோது நான் அப்படித்தான் நடந்துவிட்டேன். அந்தக் கூல்களின் கதி என்ன ஆனது என்பதை வழியில் பாதி தூரம் வந்த பிறகுதான் யோசித்தேன்.

நாட்கணக்கும் சும்மா அச்சுறுத்துவதற்காக வைக்கப்பட்டதல்ல. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு வரைபடத்தில் நகரும்போது நாட்கள் கண்முன்னே கரைகின்றன. ஹப் என்னும் வணிக நகரத்தில், சோடா பாட்டில் மூடிகளே பணமாகப் புழங்கும் சந்தையில், தண்ணீர் வணிகர்களுக்குக் கூலி கொடுத்து வால்டுக்குத் தண்ணீர் அனுப்பினால் மேலும் 100 நாட்கள் கிடைக்கும். ஆனால் அதுவரை மறைந்திருந்த வால்ட் எங்கே இருக்கிறது என்பது அதன் மூலம் வெளியே கசிந்துவிடும். இப்படி ஒவ்வொரு உதவிக்கும் ஒரு விலை உண்டு என்பதை விளையாட்டு பிரசங்கமாகச் சொல்லாமல் கணக்காகவே காட்டுகிறது.

குறைகளும் கணிசமானவை. மூட்டையில் உள்ள பொருட்களை ஒவ்வொன்றாக உருட்டித் தேடுவது பொறுமையைச் சோதிக்கிறது. உடன் வரும் துணைவர்களுக்கு நேரடியாகக் கட்டளையிட முடியாது என்பதால், அவர்கள் குறுக்கே நிற்பவர்களையும் பாராமல் சுடுவார்கள், அந்தக் குறுக்கே நிற்பவர் சில வேளை நீங்களாகவே இருப்பீர்கள். முறை மாற்றி முறை நடக்கும் சண்டையில் ஊர்க்காரர்கள் பலர் கலந்துவிட்டால், உங்கள் முறை வரும்வரை நெடுநேரம் காத்திருக்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் சுறுசுறுப்புக்கு 8க்குக் குறையாமல் கொடுத்து, அடிக்கடி தனித்தனிப் பெயர்களில் சேமித்துக்கொள்வது நல்லது. இறுதி எதிரியை ஒரு குண்டும் செலவழிக்காமல், தகுந்த சான்றைக் கையில் வைத்துக்கொண்டு வாதிட்டே வீழ்த்த முடியும் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சான்று என்ன என்பதை நீங்களே தேடிக் கண்டடைவதுதான் முறை.

மேசையிலிருந்து கணினிக்குப் போன இந்த உலகம், 2021இல் மோடிஃபியஸ் நிறுவனம் வெளியிட்ட விதிப்புத்தகத்தின் வழியாக மீண்டும் மேசைக்கே வந்திருக்கிறது. இரண்டு 20 முகப் பகடைகளை உருட்டி, பண்பும் திறனும் சேர்ந்த தொகைக்குள் விழும் ஒவ்வொன்றையும் வெற்றியாக எண்ணுவார்கள். தேவைக்கு மேல் கிடைக்கும் வெற்றிகளைக் குழு முழுவதும் பொதுவில் சேமித்து வைத்து, இக்கட்டான வேளையில் யாரும் எடுத்துச் செலவழிக்கலாம். இந்தப் பொதுச் சேமிப்புதான் புத்தகத்தின் மிகச் சிறந்த அம்சம். கதைக்களத்தை நான்காம் பாகத்தின் பாஸ்டன் பகுதியில் அமைத்திருப்பதும், பொருள் தேடுவதற்கே நீண்ட பட்டியல்களைப் புரட்டவேண்டியிருப்பதும் எனக்கு உவப்பாக இல்லை.

ஆகவே நான் நடுவராக இருந்த ஆட்டத்தில் பாஸ்டனை விட்டுவிட்டு, நெக்ரோபோலிஸின் பம்பையே நண்பர்கள் நால்வர் முன் வைத்தேன். ஒரு மணி நேரம் வாதிட்டார்கள். சரிசெய்யும் திறன் யாரிடமும் இல்லை. பகடையும் இருமுறை கைவிட்டது. கடைசியில் ஒரு தோழி, சிப்பை எடுத்துக்கொள்வோம், கூல்களையும் நம்மோடு வால்ட் 13க்கே அழைத்துப் போவோம் என்றார். கணினியில் அப்படி ஒரு வழி எழுதப்படவில்லை. கதவைத் திறப்பார்களா, உள்ளே இருப்பவர்கள் இவர்களுக்குத் தங்கள் தண்ணீரில் பங்கு கொடுப்பார்களா என்று அவர் என்னைப் பார்த்துக் கேட்டபோது, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அடுத்த வாரத்துக்குள் பதிலோடு வருகிறேன் என்று சொன்னேன்.