அஸ்ட்ரோ டைமர்: சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் நல்ல சாமான், ‘சம்மர் டைம்’ மெனுவை அணைத்தால்

பொழுது சாய்ந்ததும் வாசல் விளக்கைப் போட்டு, விடிந்ததும் அணைக்கிற டைமர் இது. வெளிச்சத்தைப் பார்த்து வேலை செய்வதில்லை. ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி மூன்றையும் வைத்து அன்றைய உதயம், அஸ்தமனம் இரண்டையும் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். பல கம்பெனிகள் போடுகின்றன. வீட்டுக் கரண்ட் பிரிகிற டிபி பெட்டிக்குள், ஓவர்லோடு ஆனால் தானே விழும் சுவிட்சான எம்சிபி பக்கத்திலேயே மாட்டுகிற, ஒற்றை ரிலே (விளக்கைப் போட்டு அணைக்கும் உள் சுவிட்ச்), 16 ஆம்பியர் வகையைப் பற்றித்தான் இங்கே பேச்சு. கடையில் ‘அஸ்ட்ரோ’ என்ற சொல்லை விடாமல் சொல்லுங்கள். வெறும் டைமர் என்றால் பல் வைத்த டயல் டைமர் கைக்கு வரும்.

சேலத்துக்கு இது தேவையா? நவம்பர் நடுவில் சூரியன் 5.50-க்கே விழுகிறது, ஜூலை தொடக்கத்தில் 6.46 ஆகிறது. உதயம் மே கடைசியில் 5.52, ஜனவரி கடைசியில் 6.42. வருஷம் முழுக்கப் பார்த்தாலும் இந்தப் பக்கம் ஐம்பத்தாறு நிமிஷம், அந்தப் பக்கம் ஐம்பது நிமிஷம்தான் ஆட்டம். ஆறு மணிக்கு என்று டயல் டைமரை வைத்துவிட்டால் ஜூலையில் முக்கால் மணி நேரம் வெயிலிலேயே விளக்கு எரியும். பேட்டரி இல்லாத டயல் டைமரில் இன்னொரு தொல்லை: நாற்பது நிமிஷம் கரண்ட் போனால் அன்றிலிருந்து நாற்பது நிமிஷம் பின்னாலேயே சுற்றும். வெளிச்சம் குறைந்தால் விளக்கைப் போடும் போட்டோசெல் விலை மலிவு, சமவெளியில் பரவாயில்லை. ஏற்காட்டில் பட்டப்பகலில் பனிமூட்டம் இறங்கினால் அது விளக்கைப் போட்டுவிடும். செல்லின் கண்ணில் அந்த விளக்கின் வெளிச்சமே பட்டால் எரிந்து எரிந்து அணையும். அஸ்ட்ரோ டைமர் போட்டோசெல்லைவிடப் பல மடங்கு விலை என்றாலும் மலைக்கு அதுதான்.

முதலில் தேதி, மணி. அடுத்து இடம்: சேலத்துக்கு வடக்கு 11.66, கிழக்கு 78.15. முழு எண் மட்டும் ஏற்கும் மாடல் என்றால் 12, 78 போதும். ஊர்ப் பட்டியலிலிருந்து மட்டும்தான் எடுக்க முடியும் என்றால் சென்னையைத் தொடாதீர்கள். சேலத்தில் அஸ்தமனம் சென்னைக்குப் பிறகு, ஜூனில் 6 நிமிஷம், டிசம்பரில் 11 நிமிஷம் கழித்து வருகிறது. பெங்களூரு வைத்தால் வித்தியாசம் 5 நிமிஷத்துக்குள் அடங்கும். பிறகு நேர மண்டலம், +5.30. சில மாடல்களில் அரை மணி கணக்கே கிடையாது, +5 அல்லது +6 தான். அங்கே +5 வைத்து, தீர்க்கரேகையில் 78.15-க்குப் பதில் 70.65 கொடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 15 பாகை என்பதால் அரை மணிக்கு ஏழரை பாகை கழிகிறது, கணக்கு நேராகிவிடும்.

இங்கே சூரியன் விழுந்து இருபது நிமிஷம்வரை தெருவில் ஆள் முகம் தெரியும். அதனால் அஸ்தமன ஆஃப்செட்டை, அதாவது அஸ்தமனத்துக்கு எத்தனை நிமிஷம் முன்பின் என்பதை, +10 அல்லது +15 வையுங்கள். ஏற்காட்டில் சில்வர் ஓக் நிழலில் இருக்கும் காபித் தோட்டத்து வழிக்கு மட்டும் -10. மேற்கே மலைமுகடு மறைப்பதெல்லாம் டைமருக்குத் தெரியாது, ஆஃப்செட்டில்தான் சரிக்கட்ட வேண்டும்.

இனி அந்த ‘சம்மர் டைம்’ மெனு. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கும் வழக்கத்துக்கானது அது. இந்த டைமர்களில் பல ஐரோப்பாவை மனதில் வைத்துச் செய்தவை. பெட்டியைப் பிரிக்கும்போதே ‘கோடை/குளிர்’ தானியங்கி என்று ஐரோப்பிய விதி ஓடிக்கொண்டிருக்கலாம். மார்ச் கடைசி ஞாயிறு திரை ஒரு மணி நேரம் முன்னால் தாவும். வேடிக்கை என்னவென்றால் அன்று மாலை விளக்கு சரியான நேரத்துக்கே எரியும், ஏனென்றால் அஸ்தமனக் கணக்கும் கூடவே ஒரு மணி நேரம் தள்ளிக்கொள்கிறது. இரவு 11-க்கு அணை என்று வைத்த நிலையான கட்டளை மட்டும் 10 மணிக்கே அணைத்துவிடும். யாரோ வந்து திரையைப் பார்த்து, “மணி தப்பா ஓடுதே” என்று ஒரு மணி நேரம் குறைத்து வைப்பார். கோளாறு அங்கேதான் பெரிதாகிறது. டைமர் இன்னும் கோடை நேரம் என்றே நம்புவதால் ஆறே முக்கால் அஸ்தமனத்தை ஏழே முக்கால் என்று எடுத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் இருட்டில் விட்டுவிடும். அக்டோபர் கடைசி ஞாயிறு மணி மறுபடி பின்னால் தாவும். டைமர் கெட்டுப்போச்சு என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிற கேஸ் பலவும் இதுதான். மெனுவில் ‘இல்லை’ என்று வைத்து, பிறகுதான் மணியைத் திருத்த வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது.

அந்த வழக்கமே ஐரோப்பியர்களுக்காவது தேவையா என்றால், பெர்லினில் ஜூனில் பகல் பதினாறே முக்கால் மணி நேரத்துக்கும் மேல். கடிகாரத்தைத் தள்ளாவிட்டால் காலை மூன்றே முக்காலுக்கே விடிந்துவிடும். அந்தத் தவிப்பு புரிகிறது. நமக்கு நீண்ட பகல் 12 மணி 49 நிமிஷம், குறுகியது 11 மணி 26 நிமிஷம், தள்ளிப் பிடிக்க ஒன்றுமில்லை. ஆனாலும் 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை போர்க்காலத்தில் இந்தியாவும் ஒரு மணி நேரம் முன்னால் ஓடியது. அந்த ஜனவரிகளில் சேலத்தில் விடியும்போது கடிகாரம் 7.42 காட்டியிருக்கும். ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019 மார்ச்சில் 410-க்கு 192 என்று இந்தக் கடிகாரத் தாவலை ஒழிக்க வாக்களித்தது, உறுப்பு நாடுகள் ஒத்துவராததால் கிடப்பில் இருக்கிறது. அமெரிக்க செனட் 2022-இல் கோடை நேரத்தையே நிரந்தரமாக்க ஒப்புக்கொண்டது, கீழவையில் நின்றுபோனது. மெக்சிகோ அதே 2022-இல் பெரும்பாலான மாநிலங்களில் கைவிட்டுவிட்டது. ஒழிப்பதே சரி என்பது எங்கள் கட்சி. விளக்குதான் சூரியனோடு ஓட வேண்டும், அதற்கு இந்தச் சின்னப் பெட்டி போதும். ஊர் முழுக்கக் கடிகாரத்தைத் திருக வேண்டியதில்லை. கோடை நேர விதியை உள்ளே எழுதிப் பூட்டிவிட்ட மாடலை மட்டும் வாங்காதீர்கள். சட்டம் மாறினால் அது மாறாது.

வயரிங்கில் தப்பு நடக்கிற இடம் இரண்டு. ரிலே முனைகளில் கரண்ட் தானாக வராது. எம்சிபியிலிருந்து வரும் ஃபேஸை டைமருக்குக் கொடுத்ததோடு, ரிலேக்குக் கரண்ட் உள்ளே போகும் காமன் முனைக்கும் ஒரு துண்டு வயரால் லூப் எடுக்க வேண்டும். மறந்தால் திரை எரியும், ரிலே ‘டிக்’ என்னும், விளக்கு எரியாது. இரண்டாவது, 16 ஆம்பியர் என்பது ஹீட்டர் போன்ற சுமைக்கான கணக்கு. எல்இடி விளக்குக்குக் கரண்டை மாற்றிக் கொடுக்கும் டிரைவர்கள் போட்ட கணத்தில் பல மடங்கு கரண்ட் இழுக்கும், ரிலேயின் காண்டாக்ட் ஒட்டிக்கொள்ளும். திரையில் ஆஃப், வெளியே விளக்கு எரிகிறது என்றால் இதுதான். டைமரின் பக்கவாட்டில் எல்இடிக்கு எத்தனை வாட் என்று தனியாக அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். விடுதி, அபார்ட்மென்ட் போல விளக்கு அதிகமென்றால் நடுவில் ஒரு கான்டாக்டர் (அதிகக் கரண்டைத் தாங்கும் காந்த சுவிட்ச்) போட்டு, டைமர் அதன் காயிலை மட்டும் இயக்கட்டும்.

கரண்ட் போனாலும் உள்ளிருக்கும் லித்தியம் பேட்டரி மணியைக் காப்பாற்றும். நாளைக்கு ஒரு நொடி பிசகினாலும் வருஷத்துக்கு ஆறு நிமிஷம். ஏப்ரல் முதல் வாரம் ஒருதரம் டிபியைத் திறந்து போனோடு ஒப்பிடுங்கள். சில நிமிஷம் என்றால் மணியைத் திருத்தலாம். சரியாக ஒரு மணி நேரம் என்றால் மணியைத் தொடாமல் முதலில் மெனுவுக்குப் போங்கள்.